டேங்க் கழன்று விழுந்தால் துடைப்பது மட்டும் போதாது

வேப் பிடிப்பவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே கதைதான் இருக்கும். திரவம் தீர்ந்துவிட்டதே, நிரப்பலாம் என்று டேங்கைப் பிடித்துத் திருகினால் மேல்பாதி கையோடு வந்துவிடும். அடிப்பாதி பேட்டரியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவிலிருந்த கண்ணாடிக் குழாய் மடியில் விழும். மிச்சமிருந்த இரண்டு மூன்று மில்லிலிட்டர் திரவம் சட்டையிலும் சோபாவிலும் மாம்பழ வாசனையோடு வழியும்.

மாமாக் கடையில் இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். "டிஷ்யூவால தொடச்சுட்டு வேற டேங்க் வாங்கு" என்று சொல்லிவிட்டுத் தே தாரேவைக் குடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதே டேங்க் வீட்டுக் கூடத்தில், குழந்தை தவழ்கிற பாயின் மேல் கழன்று விழுந்தால்? அப்போது டிஷ்யூ மட்டும் போதாது.

வேப் நல்லதா கெட்டதா என்று இங்கே பட்டிமன்றம் நடத்தப் போவதில்லை. அது உடம்புக்கு நல்லதல்ல என்பதை வேப் பிடிப்பவரே ஒப்புக்கொள்வார். ஆனால் அந்தக் கருவி இன்று நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அண்ணன் பையில், மருமகன் காரில், சில வீடுகளில் பள்ளிக்கூடப் பிள்ளையின் பென்சில் பெட்டியிலும் இருக்கிறது. அது கழன்று விழும்போது என்ன செய்ய வேண்டும் என்பது, அதைத் தொடாதவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி.

உள்ளே என்ன இருக்கிறது?

டேங்க் என்பது சின்ன எண்ணெய்க் கூஜா மாதிரிதான். உச்சியில் வாய் வைத்து இழுக்கும் முனை. அதன் கீழே மேல்மூடி. அடுத்து திரவம் நிற்கும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குழாய். அதன் நடுவே புகைபோக்கி போன்ற ஓர் உலோகக் குழல், குழலின் அடியில் பஞ்சு சுற்றிய கம்பிச் சுருள். இதைத்தான் 'கோயில்' என்கிறார்கள். கடைசியாகக் காற்று புகும் துளைகள் உள்ள அடித்தட்டு. இந்த அடித்தட்டுதான் பேட்டரிப் பெட்டியின் மேல் திருகி உட்காருகிறது.

பொத்தானை அழுத்தினால் மின்சாரம் கம்பிச் சுருளைச் சூடாக்கும். பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகும். இந்தப் பாகங்களை ஒன்றோடொன்று பிடித்து வைப்பவை இரண்டே. ஒன்று, கடைக்காரர்கள் 'திரெட்' என்று சொல்லும் திருகு மரை. இன்னொன்று, இடுக்குகளை அடைக்கும் சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள். டேங்க் கழன்று விழுந்தால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும் 'போட்' வகையில் இந்தத் திருகு வேலையே கிடையாது. சின்ன பிளாஸ்டிக் குப்பி காந்தத்தால் பிடித்துக்கொண்டிருக்கும். கீழே விழுந்தால் குப்பி தனியாகத் தெறித்து ஓடும்.

ஏன் கழல்கிறது?

டிபன் கேரியரை மேலடுக்கைப் பிடித்துத் தூக்கினால் என்ன ஆகும்? எந்த இடத்தில் பிடி தளர்ந்திருக்கிறதோ அங்கே பிரியும். டேங்கும் அப்படித்தான். அதில் குறைந்தது இரண்டு மரைகள் உண்டு. ஒன்று டேங்கின் மேல்பாதிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே, மற்றது அடித்தட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே. இரண்டும் ஒரே திசையில்தான் திறக்கும். திரவம் கசிந்து காய்ந்து, அடி மரை இறுகிப் போயிருக்கும் நேரத்தில் மேலே பிடித்துத் திருகினால் நடு மரைதான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

இறுக்கி மூடினால் ஒழுகாது என்று நினைத்து முழு பலத்தையும் போடுவது இன்னொரு காரணம். மரை தேய்ந்து போகும், ரப்பர் வளையம் நசுங்கிக் கிழியும். வளையம் போனால் கண்ணாடிக் குழாய்க்குப் பிடிமானமே இல்லை.

மூன்றாவது காரணம் நம் நாட்டு வெயில். மதியத்தில் நிறுத்தி வைத்த காருக்குள் கிடக்கும் டேங்கில் திரவம் சூட்டில் நீர்த்துப் போகும். உள்ளே அடைபட்ட காற்று விரிந்து அதை வெளியே தள்ளும். சாயங்காலம் காரைத் திறக்கும்போது இருக்கையெல்லாம் பிசுபிசுப்பு. விமானத்திலும் இதுவே நடக்கும். கேபினில் காற்றழுத்தம் குறையும்போது டேங்கிலுள்ள காற்று விரிந்து திரவத்தை வெளியேற்றும்.

பிளாஸ்டிக் டேங்குகளுக்கு நாலாவதாக ஓர் எதிரி உண்டு. இலவங்கப்பட்டை, எலுமிச்சை போன்ற சில வாசனைச் சேர்மங்கள் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை அரித்து வெடிக்க வைக்கும். நேற்று வரை நன்றாக இருந்த டேங்க் இன்று காலையில் விரிசல் விட்டு நிற்பதற்குக் காரணம் பல நேரங்களில் உள்ளே ஊற்றிய வாசனைதான்.

வெறும் வாசனைத் தண்ணீர் அல்ல

ஒரு காலை நிகழ்ச்சியில் குழந்தை வளர்ப்பைப் பற்றி நேயர்களோடு பேசிக்கொண்டிருந்தோம். ஒரு பாட்டி அழைத்தார். "தம்பி, பாயில தேன் மாதிரி ஏதோ கொட்டிக் கெடக்கு. பழ வாசன அடிக்குது. பெரிய பேரன் வச்சிருந்த சாமான் கழண்டு போச்சாம். சின்னவ அதுல கைய வச்சுட்டா. துணியால தொடச்சா போதுமா?" என்று கேட்டார்.

பாட்டுக்கு நடுவே வந்த அந்தக் கேள்விக்கு ஒலிபரப்பில் பதில் சொல்ல நேரமில்லை. நிகழ்ச்சிக் குழுவினர் உடனே தனி அழைப்பில் பேசி, குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிக் கிளினிக்குக்கு அனுப்பி வைத்தார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாட்டி சொன்ன அந்த 'தேன் மாதிரி' என்ற சொல்தான் இந்தப் பிரச்சினையின் மையம். இரண்டு வயதுக் குழந்தைக்கும் அது தேன் மாதிரிதான் தெரியும்.

அந்தத் திரவத்தில் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்காலும் தாவரக் கிளிசரினும். கிளிசரின் இயல்பிலேயே இனிப்பானது. அதோடு வாசனைப் பொருள்கள். அதோடு நிக்கோட்டின்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சிகரெட் பிடித்தால் உடம்புக்குள் போகும் நிக்கோட்டின் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிகிராம். பெரிய டேங்குகளுக்கான திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் நிக்கோட்டின் இருப்பது வழக்கம். போட் வகைக்கான 'சால்ட்' திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் வரையிலும் இருக்கலாம். அப்படியானால் 2 மில்லிலிட்டர் கொண்ட ஒரு சின்னக் குப்பியில் 100 மில்லிகிராம். பெரியவர் பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும் அளவு அது. ஒரு குழந்தை அதை ஒரே வாயில் விழுங்கிவிட முடியும். செறிவு அதிகமான திரவம் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உள்ளே போனாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

2014 டிசம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று திரவ நிக்கோட்டினை விழுங்கி இறந்து போனது. அதன் பிறகு நிக்கோட்டின் புட்டிகளுக்குக் குழந்தைகள் திறக்க முடியாத மூடி கட்டாயம் என்று 2016 ஜனவரியில் அங்கே சட்டம் கையெழுத்தானது. புட்டிக்கு மூடி போட்டாயிற்று. ஆனால் கழன்று கிடக்கும் டேங்குக்கு எந்த மூடியும் இல்லை. இதை மனத்தில் வையுங்கள்.

விழுங்கினால்தான் ஆபத்து என்பதும் இல்லை. நிக்கோட்டின் தோல் வழியாகவும் உள்ளே போகும். புகையிலை வயலில் ஈர இலையைப் பறிக்கும் தொழிலாளர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவதுண்டு. அவர்கள் புகைத்ததால் அல்ல, இலையைத் தொட்டதால்.

முதல் பத்து நிமிடம்

டேங்க் கழன்று கொட்டிவிட்டதா? வரிசையாக இதைச் செய்யுங்கள்.

முதலில் குழந்தைகளையும் வீட்டில் வளர்க்கும் நாய் பூனைகளையும் அந்த இடத்தை விட்டு அப்புறப்படுத்துங்கள். கண்ணாடி உடைந்திருந்தால் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். கையுறை மாட்டிக்கொண்டு காகிதத் துண்டால் திரவத்தை ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும். பிறகு சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை துடைத்துவிடுங்கள். துடைத்த காகிதத்தையும் கையுறையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, வீட்டுக்கு வெளியே உள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். சமையலறைத் தொட்டியில் போட்டால் குழந்தையோ பூனையோ மறுபடியும் அதைக் கிளறி எடுக்கும்.

உடையில் கொட்டியிருந்தால் அதை உடனே கழற்றிவிட்டுத் தோலைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்திருந்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

குழந்தை வாயில் வைத்துவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே காத்திருக்காதீர்கள். வாயைத் துடைத்து விடுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் போன்ற பாட்டி வைத்தியமும் வேண்டாம். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இயங்குகிறது. 1-800-88-8099 என்ற இலவச எண்ணில் அவர்களிடம் ஆலோசனை கேட்கலாம். வாந்தி, அளவுக்கு மீறிய எச்சில், வெளிறிய முகம், வியர்வை, நடுக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் நேராக 999. திரவம் இருந்த புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நிக்கோட்டின் அளவு அதில்தான் எழுதியிருக்கும்.

அந்த நேரத்தில் மருத்துவரிடம் எதையும் மறைக்கக் கூடாது. "என்னமோ குடிச்சிருச்சு டாக்டர்" என்பதற்கும் "வேப் தண்ணியக் குடிச்சிருச்சு" என்பதற்கும் இடையே குழந்தையின் உயிர் இருக்கிறது.

ஈரம் பேட்டரியில் பட்டால்

டேங்க் கழன்றதும் திரவம் முதலில் வழிந்து இறங்குவது பேட்டரியின் இணைப்புக்குள்தான். அந்த நிலையில் பொத்தானை அழுத்திப் பார்ப்பதும் சார்ஜ் போடுவதும் கூடாது. கருவியை அணைத்து, பேட்டரி கழலும் வகையாக இருந்தால் கழற்றி, உலர்ந்த துணியால் இணைப்பைத் துடைத்து, முழுக்கக் காய விட வேண்டும். பேட்டரி உப்பியிருந்தாலோ சும்மா இருக்கும்போதே சூடானாலோ அதன் கதை அத்தோடு முடிந்தது.

கழற்றிய பேட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் கால்சட்டைப் பையில் போடுபவர்கள் நிறைய பேர். அதன் இரு முனைகளையும் சாவி ஒன்று சேர்த்தால் போதும், தொடையில் தீக்காயம். 2018 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 38 வயது ஆடவர் ஒருவர் வேப் கருவி வெடித்துச் சிதறியதில் இறந்தார். இது அடிக்கடி நடப்பதல்ல. ஆனாலும் லித்தியம் பேட்டரி மரியாதை கொடுத்துப் பழக வேண்டிய பொருள். பழையதை வீட்டுக் குப்பையில் போடாமல், முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

சரி செய்யலாமா, தூக்கிப் போடலாமா?

ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் அந்த மாதிரிக்கே உரிய புது வளையம் வாங்கி மாட்டலாம். கண்ணாடி உடைந்திருந்தால் அதே அளவில் மாற்றுக் குழாய் உண்டு. ஆனால் மரை தேய்ந்துவிட்டாலோ, பிளாஸ்டிக்கில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலோ அந்த டேங்கைத் தூக்கிப் போடுங்கள். சூப்பர் குளூ வைத்து ஒட்டுவதும், குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றுவதும் வேண்டவே வேண்டாம். அங்கே சூடு ஏறும். ஒட்டிய பசையின் புகையும் சேர்ந்து நுரையீரலுக்குத்தான் போகும். கண்ணாடி உடைந்த டேங்கில் கோயில் நன்றாக இருக்கிறதே என்று எடுத்து வேறொன்றில் மாட்டுவதும் ஆபத்து. பஞ்சுக்குள் கண்ணாடித் தூள் இருக்கலாம்.

இனிமேல் கழலாமல் இருக்க, திருகும்போது எப்போதும் அடியில் உள்ள உலோக வளையத்தைப் பிடியுங்கள். வழுக்கினால் ரப்பர் கையுறையோ ரப்பர் பேண்டோ கை கொடுக்கும். மூடும்போது தொட்டதும் நிறுத்துங்கள். காரில் விட்டுப் போகாதீர்கள். இதையெல்லாம்விட முக்கியம், குழந்தை இருக்கும் வீட்டில் அதை நிரப்புவதும் கழற்றுவதும் கூடத்தில் நடக்கக் கூடாது. வைக்கும் இடம் பூட்டுள்ள அலமாரியாக இருக்க வேண்டும். மேசை விளிம்பிலும் சாமி மேடைக்குக் கீழேயும் வைக்கக் கூடாது.

பாலம் தாண்டும் முன்

ஜொகூரிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் ஏராளம். சிங்கப்பூரில் வேப் கருவியை வைத்திருப்பதே 2018 பிப்ரவரி 1 முதல் குற்றம். உடைந்த டேங்க், காலிக் குப்பி என்று சொல்லித் தப்பிக்க முடியும் என்று நம்பிப் பையின் அடியில் போட்டு வைக்காதீர்கள். எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த குப்பிகள் பெருகியதால், 2025 செப்டம்பர் 1 முதல் அந்த மருந்தை அங்கே போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். முதல் முறை பிடிபடுபவருக்கான அபராதமும் கூடியிருக்கிறது. பெரியவர்களுக்கு 700 வெள்ளி, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 500 வெள்ளி. அங்கே வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு வேலை அனுமதியே கேள்விக்குறியாகலாம்.

நம் நாட்டில் சட்டம் வேறு. 2023 மார்ச் 31-ஆம் தேதி திரவ நிக்கோட்டின் நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. பொதுச் சுகாதாரத்திற்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024 அக்டோபர் 1 முதல்தான் நடப்புக்கு வந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்பது இப்போது குற்றம், இணையத்தில் விற்பதும் குற்றம். ஜொகூர் 2016-இலேயே வேப் விற்பனையைத் தடை செய்துவிட்டது. திரங்கானுவும் பெர்லிசும் 2025 ஆகஸ்டில் தடை விதித்தன. தடை இருக்கும் ஊரிலும் கள்ளத்தனமாகக் கிடைக்கத்தான் செய்கிறது. யார் விற்றார், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதே தெரியாத குப்பி அது. அது கழன்று கொட்டினால், கொட்டியது வெறும் நிக்கோட்டின்தானா என்பதுகூட நமக்குத் தெரியாது.

உடைந்த டேங்க் சொல்லும் சேதி

பல வீடுகளில் பிள்ளை வேப் பிடிப்பது தெரிய வருவதே ஏதாவது கழன்று கொட்டும்போதுதான். பள்ளிப் பையில் பிசுபிசுப்பு, சீருடையில் ஸ்ட்ராபெரி வாசனை, துணி துவைக்கும் இயந்திரத்தில் ஒரு கண்ணாடி வளையம். 2022-இல் இளையோரிடையே எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில் 14.9 விழுக்காட்டினர் வேப் பிடிப்பதாகத் தெரிய வந்தது. 2017-இல் அது 9.8 விழுக்காடு. அதே ஐந்தாண்டில் சிகரெட் பிடிக்கும் இளையோர் 13.8 விழுக்காட்டிலிருந்து 6.2-ஆகக் குறைந்தார்கள். ஆகவே "என் பையன் சிகரெட்டையே தொடமாட்டான்" என்று பெருமைப்படும் பெற்றோர் இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கண்டுபிடித்த அந்த நிமிடத்தில் நம் வாயில் வரும் முதல் வாக்கியம் முக்கியம். "உங்க அப்பா வரட்டும்" என்றால் பிள்ளை அடுத்த முறை இன்னும் ஆழமாக ஒளித்து வைப்பான். ஒளித்து வைக்கும் இடம் தங்கச்சியின் கைக்கு எட்டும் இடமாகவும் இருக்கலாம். அதற்குப் பதில், "அய்யா, இந்தத் தண்ணி உன் கையில பட்டுச்சா? மொதல்ல சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிப் பாருங்கள். கண்டிப்பு அதில் குறையவில்லை. ஆனால் அம்மாவுக்கு முதலில் தன் பிள்ளையின் உடம்புதான் பெரிது என்பது அவனுக்குப் புரிந்துவிடும். பேச்சு அங்கிருந்து தொடங்கலாம். எங்கே வாங்கினாய், உள்ளே என்ன என்று தெரியுமா, விட வேண்டும் என்று நினைத்தாயா என்று கேளுங்கள். பெரியப்பா வீட்டு விசேஷத்தில் எல்லார் முன்னாலும் போட்டு உடைக்காமல், தனியாகக் கேளுங்கள்.

சிகரெட்டை விடுவதற்காக வேப்புக்கு மாறி, இப்போது இதையும் விட முடியாமல் இருக்கும் அண்ணன் தம்பிகளே, அக்காள் தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் புகைப் பழக்கத்தை நிறுத்தும் சிகிச்சை உண்டு. சுகாதார அமைச்சின் ஜோம்குவிட் திட்டத்தில் நீங்களே பதிந்துகொள்ளலாம். வேப் பிடிப்பவர்களும் போகலாம். நிக்கோட்டின் பட்டியும் மெல்லும் கம்மும் தருவார்கள். கூட இருந்து பேசவும் ஆள் இருக்கும்.

கழன்றுபோன டேங்குக்குப் புதிய டேங்க் வாங்கக் கடை வாசலில் நிற்கும்போது, இதையும் ஒரு வழியாக நினைத்துப் பாருங்கள். அதுவரை, இன்று இரவு படுக்கப் போவதற்கு முன் ஒரே ஒரு வேலை. உங்கள் வீட்டில் அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேடி எடுங்கள். முழங்காலிட்டு, குழந்தையின் உயரத்திலிருந்து அந்த இடத்தைப் பாருங்கள். கை எட்டுகிறதா? எட்டினால், இடத்தை மாற்றிவிட்டுத் தூங்கப் போங்கள்.